டிராக்டருக்கு ஒரு நியாயம், காருக்கு ஒரு நியாயமா?

கும்பப்பூ அறுப்பு முடிந்து வைக்கோலும் கட்டி ஏற்றியாச்சு. இனி கன்னிப்பூ வேலை தொடங்கும் வரைக்கும் கொஞ்சம் மூச்சு விடலாம். இந்த இடைவெளியில்தான் வீட்டில் கிடக்கிற இரும்புச் சாமான்களை எல்லாம் ஒருக்கப் பார்த்து வைப்பேன். டிராக்டர், மருந்தடிக்கிற ஸ்பிரேயர், தோட்டத்தில் தண்ணி இறைக்கிற பழைய டீசல் எஞ்சின், அப்புறம் கார். இந்த வருஷம் காருக்கு டீசல் ஃபில்டர் மாற்ற வேண்டிய முறை. நாகர்கோவிலுக்குப் போனபோது ஃபில்டரை வாங்கிக்கொண்டு, திரும்பி வந்து டீக்கடையில் அந்தப் பெட்டியை பெஞ்சில் வைத்தேன் பாருங்கள், அங்கே தொடங்கியது பேச்சு.

"என்னவே, காருக்க ஃபில்டரா? நீரே மாத்தப் போறீரா?" என்று கேட்டார் ஒரு அண்ணாச்சி.

"ஆமா அண்ணாச்சி."

"அது கம்ப்யூட்டர் வண்டியாக்கும். தெரியாம கை வச்சு எஞ்சினைக் கெடுத்துராதேயும்."

கடையில் இருந்த மற்றவர்களும் அவர் பக்கம்தான். இதில் எனக்குச் சிரிப்பு வந்தது எதற்கென்றால், அங்கே இருந்த நாலு பேரில் மூன்று பேர் டிராக்டர் வைத்திருக்கிறவர்கள். வயலுக்கு நடுவில் சேற்றில் வண்டி நின்றால், மடித்துக் கட்டிய வேட்டியோடு இறங்கி, ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றித் துடைத்து, ஏர் எடுத்து, பத்து நிமிஷத்தில் கிளப்பிவிடுவார்கள். டியூபை வாயில் வைத்து டீசல் உறிஞ்சின கதை அவர்கள் எல்லாரிடமும் உண்டு. அதே கைதான். கார் என்றதும் அந்தக் கை ஏன் பின்னால் போகிறது?

நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால் அவர்களைக் குறை சொல்லவில்லை. எனக்கு அந்தப் பயம் எப்படிப் போச்சு என்று சொல்கிறேன்.

2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு அதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. வாழையும் ரப்பரும் முறிந்து, கரண்ட் கம்பம் எல்லாம் சாய்ந்து, நாள்கணக்கில் இருட்டில் கிடந்தோம். அப்போது தண்ணி இறைக்கவும் ஜெனரேட்டருக்குமாக இரண்டு கேனில் டீசல் வாங்கி, வீட்டுக்குப் பின்னால் சாய்ப்பில் வைத்திருந்தேன். கரண்ட் வந்த பிறகு ஒரு கேனில் பாதி மிச்சம் கிடந்தது. அதன் மூடி சரியாக இறுகாமல் இருந்ததை நான் கவனிக்கவில்லை. மழையும் விட்டபாடில்லை. கொஞ்ச நாள் கழித்து, வீணாக எதற்கு என்று அந்த டீசலைக் காரில் ஊற்றினேன்.

ஜனவரியில் ஒரு ராத்திரி, பதினோரு மணி இருக்கும், அம்மைக்கு மூச்சுத் திணறல். ஆசாரிப்பள்ளத்துக்குக் கொண்டு போகலாம் என்று காரில் ஏற்றிக் கிளம்பினோம். இறச்சகுளம் தாண்டுவதற்குள் வண்டி இரண்டு வெட்டு வெட்டியது. ஆக்சிலேட்டரை மிதித்தாலும் இழுவை இல்லை. பிறகு அப்படியே அணைந்துவிட்டது. சாவியைத் திருப்பத் திருப்ப ஸ்டார்ட்டர் மட்டும் கத்துகிறது. பின்சீட்டில் அம்மையின் மூச்சு இழுக்கிற சத்தம். ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. தெய்வாதீனமாக ஒரு பால் வண்டி வந்தது. அந்தப் பையன் ஒரு வார்த்தை கேட்கவில்லை, டப்பாக்களை ஒதுக்கி இடம் போட்டான். அம்மை பிழைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அஞ்சு வருஷம் என் கையால் கஞ்சி குடித்துவிட்டுத்தான் போனாள். ஆனால் அந்த அரை மணி நேரத்தை இன்றைக்கும் நினைத்தால் வயிறு கலங்கும்.

மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்து டவுனில் ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டோம். பேர் வேண்டாம். இரண்டு நாள் கழித்து போன் வந்தது: நாலு இன்ஜெக்டரும் போய்விட்டது, எழுபதாயிரத்துக்கு மேல் ஆகும் என்று. ஒரு பூவில் எனக்கு நிற்கிற லாபமே அவ்வளவு வராது. வண்டியைத் திரும்ப வீட்டுக்கு இழுத்து வந்து போட்டுவிட்டு, எங்கள் டிராக்டரைப் பார்க்கிற ஆசானைக் கூப்பிட்டேன்.

ஆசான் பானெட்டைத் திறந்தார். ஃபில்டருக்கு அடியில் இருந்த சின்னத் திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்தார். திண்ணையில் வைத்து ஒரு பீடி குடித்து முடித்தார். பிறகு குப்பியைக் காட்டினார். அடியில் இரண்டு விரற்கடை தண்ணி, மேலே டீசல். நடுவில் அழுக்கு ஒரு வளையம் போல நின்றது.

விதைநெல்லை உப்புத் தண்ணியில் போட்டால் பதர் மேலே, மணி கீழே போகிறதல்லவா, அதே கதைதான். டீசல் தண்ணியைவிடக் கனம் குறைந்தது. அதனால் டேங்கிலும் சரி, ஃபில்டரிலும் சரி, தண்ணி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதைத் திறந்து விடுவதற்காகவே அந்தத் திருகை வைத்திருக்கிறான்.

ஆசான் என்னைப் பார்த்துக் கேட்டார்: "டிராக்டருக்கு அடியில தெறந்து தண்ணி விடுகேல்லா?"

"விடுவேன்."

"பின்ன காருக்கு ஏம்லே விடல்ல? காரு என்ன தண்ணி குடிக்காத சாதியா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. டேங்கைக் காலி பண்ணி, புது ஃபில்டர் போட்டு, ஏர் எடுத்ததும் வண்டி கிளம்பிவிட்டது. நியாயமாகச் சொல்ல வேண்டும்: நாலு மாசம் கழித்து ஒரு இன்ஜெக்டர் மாற்றத்தான் வேண்டி வந்தது. ஆக டவுன்காரர்கள் சொன்னதிலும் கால் பங்கு உண்மை இருந்தது. தண்ணி போன எஞ்சின் சேதாரம் இல்லாமல் தப்பாது. டீசல் எரிபொருள் மட்டும் இல்லை, பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் அதுதான் எண்ணெய். தண்ணிக்கு அந்த வழுக்கு கிடையாது. இரும்போடு இரும்பு உரசும், பிறகு துரு.

இதில் யார் தப்பு? என் தப்பு. மூடி இறுகாத கேன் என்னுடையது. அஞ்சு வருஷமாகத் திறந்தே பார்க்காத ஃபில்டரும் என்னுடையது. ஃபில்டருக்கு விலை ஆயிரம் ரூபாய் கூட இல்லை.

அதற்குப் பிறகு நானே மாற்றிக்கொண்டு வருகிறேன். வேலை இவ்வளவுதான். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், சாவி கையில் இருக்க வேண்டும், பக்கத்தில் யாரும் பீடி குடிக்கக் கூடாது (ஆசான் மட்டும் இதற்கு விலக்கு, அவரைச் சொல்லித் திருத்த முடியாது). டியூப் எது எங்கே போகிறது என்று முதலில் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பல வண்டியில் ஃபில்டர் மேலேயே அம்புக்குறி போட்டு, வரவு எது, போக்கு எது என்று காட்டியிருப்பான். மாற்றி மாட்டினால் வேலைக்காகாது.

திறப்பதற்கு முன்னால் துடைக்க வேண்டும். இதைத்தான் நம்ம ஆட்கள் செய்வதில்லை. அறுப்பு முடிந்த நேரம் ஊரெல்லாம் வைக்கோல் தூசி. ஃபில்டரின் மேலே அது படிந்து கிடக்கும். அப்படியே டியூபைக் கழற்றினால், எந்தத் தூசி உள்ளே போகக் கூடாது என்று ஃபில்டர் வைத்திருக்கிறோமோ, அதே தூசியை நாமே உள்ளே அனுப்புகிறோம். பஞ்சு நூல் பிரியாத துணியாக எடுத்து, சுற்றிலும் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அப்புறம் அடித் திருகைத் திறந்து உள்ளே இருக்கிறதைக் குப்பியில் பிடியுங்கள். தண்ணி சென்சாருக்கு ஒரு ஒயர் வரும். அதன் பிளாஸ்டிக் பூட்டை இழுத்துப் பிடுங்கினால் உடையும், அமுக்கி எடுக்க வேண்டும். பழைய வண்டியில் அந்தப் பிளாஸ்டிக் வறண்டு அப்பளம் மாதிரி இருக்கும், பார்த்துக்கிடுங்க.

புது ஃபில்டரில் டீசல் நிரப்பிப் போடலாமா, வெறுமனே போடலாமா என்பதில் பெரிய தர்க்கம் உண்டு. ஆசான் உட்பட பழைய ஆட்கள் எல்லாரும் வாய் வரை நிரப்பித்தான் போடுவார்கள். சீக்கிரம் கிளம்பும் என்பது கணக்கு. டிராக்டருக்கு நானும் அப்படித்தான் செய்கிறேன். காருக்குச் செய்ய மாட்டேன். காரணம் உண்டு. கேனில் இருந்து ஊற்றுகிற டீசல் வடிகட்டாத டீசல். அதை ஃபில்டரின் நடுத் துவாரத்தில், அதாவது சுத்தமான டீசல் வெளியே போகிற வழியில் ஊற்றினால், அது காகிதத்தைத் தாண்டாமல் நேரே பம்புக்குப் போய்விடும். பழைய மைக்கோ பம்பு அதையும் முழுங்கிக்கொண்டு ஓடும். இப்போதைய பம்பு ஓடாது. டப்பாவில் திருகிப் போடுகிற வகையானால் சுற்றிலும் உள்ள சின்னத் துவாரங்கள் வழியாக மெதுவாக நிரப்பலாம். இல்லையென்றால் சும்மா மாட்டிவிட்டு, கைப் பம்பை அமுக்கி டேங்கில் இருந்தே டீசலை வரவழைப்பதுதான் நல்லது. இந்த ஒரு விஷயத்தில் ஆசானும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

மைக்கோ என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1951-ல் தொடங்கின கம்பெனி அது. 2008-ல் பேரை பாஷ் என்று மாற்றிவிட்டார்கள். ஆனால் நம்ம பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் இன்றைக்கும் "மைக்கோ ஃபில்டர் ஒண்ணு" என்றுதான் கேட்பது. டிராக்டரில் இரண்டு ஃபில்டர் வருமே, முதலாவது துணி, இரண்டாவது காகிதம், அந்த ஜோடியில் கை பழகினவர்கள் ஒரு தலைமுறையே இங்கே உண்டு.

கைப் பம்பை அமுக்குகிறபோது முதலில் புஸ் புஸ் என்று காற்று போகும். பிறகு பம்பு கல் மாதிரி இறுகும். இறுகினால் டீசல் வந்துவிட்டது என்று அர்த்தம். கைப் பம்பு இல்லாமல், டேங்குக்குள் கரண்ட் பம்பு உள்ள வண்டியானால், ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் போட்டுக் கொஞ்ச நேரம் வைத்து அணைக்க வேண்டும். நாலைந்து தடவை அப்படிச் செய்தால் போதும். பிறகு ஸ்டார்ட் பண்ணலாம். கிளம்பவில்லை என்றால் விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கக் கூடாது. பத்து செகண்ட் இழு, கொஞ்சம் ஆறவிடு. வறண்ட பம்பைச் சுற்றவிடுவது உளுந்து போடாமல் ஆட்டுரலைச் சுற்றுவது மாதிரி, கல்லுதான் தேயும்.

இவ்வளவு பேசுகிற நான் முதல் தடவை என்ன செய்தேன் தெரியுமா? எல்லாம் ஒழுங்காகத்தான் மாட்டினேன். வண்டி கிளம்பியது. இரண்டு நிமிஷம் ஓடி அணைந்தது. திரும்ப பம்பு பண்ணினால் கிளம்பும், திரும்ப அணையும். ஒரு மத்தியானம் முழுக்க இதே கூத்து. வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள், அது பேசினதைவிட மோசம். கடைசியில் வெட்கத்தை விட்டு ஆசானைக் கூப்பிட்டேன். அவர் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் மேல் மூடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. நான் அதைக் கவனிக்காமல் அதன் மேலேயே புது வளையத்தையும் போட்டு இறுக்கிவிட்டேன். இரண்டு வளையத்துக்கு நடுவில் காற்று இழுத்திருக்கிறது. "ஒரு கைக்கு ரெண்டு வளையல் போடலாம் மக்கா, இதுக்குப் போடப்பிடாது" என்றார். கூலி வாங்கவில்லை. ஒரு குலை பாளையங்கோட்டான் கொடுத்து அனுப்பினேன்.

அதனால் சொல்கிறேன், புதுசு போடும் முன் பழைய வளையம் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். கையில் இல்லையென்றால் அது வண்டியில்தான் இருக்கிறது.

இனி டீக்கடை அண்ணாச்சியின் பக்கமும் பேச வேண்டும். அவர் சொன்னதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. பழைய டீசல் எஞ்சினில் ஏர் எடுக்க நாம் என்ன செய்வோம்? இன்ஜெக்டருக்குப் போகிற பைப்பின் நட்டை ஸ்பானரால் தளர்த்தி, எஞ்சினைச் சுற்றவிட்டு, டீசல் துள்ளித் துள்ளி வந்ததும் இறுக்குவோம். அந்தக் கைப்பழக்கத்தை இப்போதைய காரில் காட்டவே கூடாது. காமன் ரெயில் என்று சொல்லுகிற முறை 1997-ல் கார்களுக்கு வந்தது. அதில் அந்த இரும்புக் குழாய்க்குள் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலே போகும். நம்ம கார் டயரில் இருக்கிறது இரண்டு பார் சொச்சம், ஒத்துப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது அந்த நட்டைத் தளர்த்தினாலோ, எங்கே ஒழுகுகிறது என்று விரலை வைத்துத் தடவினாலோ, ஊசி போட்டது மாதிரி டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு கொசுக்கடி அளவுதான் தெரியும். உள்ளே சதை அழுகும், விரலே போகலாம். வலி இல்லை என்று வீட்டில் இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது.

ஆகவே என் கணக்கில் எல்லை இதுதான். டேங்கில் இருந்து ஃபில்டர் வரை, ஃபில்டரில் இருந்து பம்பு வரை ரப்பர் டியூப் வருகிற தூரம் நம்ம வேலை. பம்புக்கு அப்பால் இரும்புக் குழாய் தொடங்குகிற இடத்தில் நம்ம கை நிற்க வேண்டும். அண்ணாச்சிக்குத் தப்பு நேர்ந்தது அங்கேதான்: இரும்புக் குழாய்க்கான பயத்தை ரப்பர் டியூபுக்கும் சேர்த்துப் படுகிறார். வாரண்டி ஓடிக்கொண்டிருக்கிற புது வண்டி என்றால் கை வைக்காதீர்கள், அதையும் ஒத்துக்கொள்கிறேன். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் சிலதுக்கு ஏர் எடுக்கவே கம்ப்யூட்டர் மாட்ட வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் நம்ம ஊரில் ஓடுகிற டீசல் கார்களில் பாதிக்கு மேல் பத்து வருஷம் தாண்டினவை. அவற்றுக்கு இந்தச் சாக்குப் பொருந்தாது.

"எல்லாத்தையும் நீரே செஞ்சா மெக்கானிக் எப்படிவே பிழைப்பான்?" என்றும் ஒருவர் கேட்டார். ஆசானிடமே இதைச் சொன்னேன். "ஃபில்டர் மாத்தாம வாறவனாலயா நான் பிழைக்கேன்? அவன் என்கிட்ட வரதுக்குள்ள பம்பு போயிருக்கும், அத என்னால செய்ய முடியாது, டவுனுக்குத்தான் போகும்" என்றார். சுத்தமாக வைத்திருக்கிறவனுடைய வண்டிதான் பதினைந்து வருஷம் ஓடும், அந்தப் பதினைந்து வருஷமும் அவன் நம்ம பக்கத்து மெக்கானிக்கிடம்தான் வருவான் என்பது அவருடைய கணக்கு. எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது.

இன்னொன்று: கழற்றின பழைய ஃபில்டரை வீசிவிடாதீர்கள். டீசலை நன்றாக வடியவிட்டு, ஹேக்ஸா பிளேடால் அறுத்துப் பாருங்கள். மெஷினால் வெட்டாதீர்கள், பொறி பறக்கும். உள்ளே சேலைக் கொசுவம் மாதிரி மடித்து வைத்த காகிதம் இருக்கும். புதுசில் அது வெளுத்த மஞ்சள். என்னுடையது கறுப்பு, அதிலும் அடிப்பக்கம் கொழகொழவென்று பாசி மாதிரி. தண்ணியும் டீசலும் சேருகிற இடத்தில் நுண்ணுயிர் வளரும், அதுதான் அந்தக் கொழகொழப்பு. நம்ம மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, காற்றில் ஈரம் குறைகிற மாசமே கொஞ்சம்தான். பாதி டேங்க் காலியாக நாள்கணக்கில் கிடக்கிற வண்டியில் அந்த ஈரம் உள்ளே வியர்த்து நிற்கும். அந்தக் காகிதத்தை ஒருவன் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால், அப்புறம் எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டருக்கு முன்னாலேயே மாற்றிவிடுவான். வாங்கும்போது பார்த்து வாங்குங்கள், பாதி விலைக்குக் கிடைக்கிற டூப்ளிகேட்டில் மடிப்பு எண்ணிக்கையே குறைவாக இருக்கும்.

குப்பியில் பிடித்த டீசலை ஓடையில் கொட்டாதீர்கள். அந்த ஓடைத் தண்ணிதான் கீழ்மடைக்காரன் வயலுக்குப் போகிறது. தண்ணி பிரிந்ததும் மேலே உள்ள டீசலை எடுத்து நான் மம்மட்டிக்கும் வெட்டரிவாளுக்கும் துரு பிடிக்காமல் தடவி வைப்பேன்.

மகன் சென்னையில் மெக்கானிக்கல் என்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறான். டீசல் எஞ்சினின் படம் போட்டுப் பாகம் குறிக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு குறிப்பான். பானெட் திறக்கிற லீவர் எங்கே இருக்கிறது என்று போன லீவில் என்னிடம்தான் கேட்டான். வருகிற சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். ஃபில்டர் பெட்டியைப் பிரிக்காமல் ஜன்னல் மேடையில் வைத்திருக்கிறேன். ஆசானையும் காப்பிக்கு வரச் சொல்லியாச்சு. நாங்கள் இரண்டு பேரும் திண்ணையில் இருப்போம், ஸ்பானர் அவன் கையில் இருக்கும். வளையத்தைப் பற்றி மட்டும் முன்கூட்டியே ஒன்றும் சொல்லக் கூடாது என்று ஆசான் சொல்லியிருக்கிறார்.